கப்பலில் குடிக்கும் செலவு: பேக்கேஜ் எடுப்பதா, கிளாஸ் கணக்கில் கொடுப்பதா?

கப்பல் டிக்கெட்டில் ‘சாப்பாடு உட்பட’ என்று போட்டிருந்தால் அது தட்டில் விழுவதற்கு மட்டும்தான். டம்ளரில் ஊற்றுவதற்குத் தனிக் கணக்கு. இது தெரியாமல் ஏறுகிறவர்கள்தான் கடைசி நாள் காலையில் பில்லைப் பார்த்துத் திகைத்து நிற்கிறார்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கத்து ஆட்களுக்குக் கப்பல் பயணம் இப்போது இரண்டு வழியில் வருகிறது. பெயின்ட், சிமென்ட், பம்ப்செட், விதை கம்பெனிகள் டார்கெட் முடித்த டீலர்களைக் கூட்டிப் போகும் டூர் ஒன்று. பெங்களூரிலிருந்து சிங்கப்பூர் போகும் குடும்பங்கள் கூடவே மூன்று நான்கு இரவுக் கப்பலையும் சேர்த்துக்கொள்வது இன்னொன்று. இரண்டிலும் கேள்வி ஒன்றுதான்: டிரிங்க்ஸ் பேக்கேஜை (நாளுக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கட்டிவிட்டு, அதற்குள் வேண்டியதைக் குடிப்பது) முன்கூட்டியே வாங்கிவிடலாமா, வேண்டியபோது வேண்டியதை வாங்கிக்கொள்ளலாமா? ஒவ்வொரு கம்பெனியும் இதற்கு வேறு வேறு விதி வைத்திருக்கிறது. யார் எவ்வளவு குடிப்பார் என்பதைவிட, யார் யார் ஒரே கேபினில் படுக்கிறார்கள் என்பதுதான் இந்தச் செலவைத் தீர்மானிக்கிறது. கேபின் பிரிப்பதற்கு முன்னாலேயே இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும்.

முதலில் தண்ணீர்

மதுவைவிடத் தண்ணீரில் ஏமாறுகிறவர்கள்தான் நம் பக்கத்தில் அதிகம். அதற்குக் காரணமும் இருக்கிறது. இந்த இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் காவி படிந்தவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். குழாய்த் தண்ணீரை நம்பாமல் 20 லிட்டர் கேன் போடுவது வீட்டுக்கு வீடு பழக்கமாகிவிட்டது. அதே மனசோடு கப்பலில் ஏறினால் கேபின் மேசையில் வைத்திருக்கும் பாட்டிலைத் திறக்கத்தான் கை போகும். அந்தப் பாட்டிலின் கழுத்தைப் பாருங்கள், சின்னதாக ஒரு விலை அட்டை தொங்கும். மூடியைத் திருகிய நிமிடமே அது உங்கள் பில்லில் ஏறிவிடும்.

பெரிய கப்பல்கள் கடல்நீரைக் காய்ச்சி வடித்தோ, ஆர்.ஓ. முறையில் உப்பு நீக்கியோ குடிநீர் எடுக்கின்றன, துறைமுகத்திலும் நிரப்பிக்கொள்கின்றன. பிறகு தாது சேர்த்து, குளோரின் கலந்து குழாயில் விடுகின்றன. அமெரிக்கத் துறைமுகம் தொடும் கப்பல்களில் குழாயின் கடைசி முனையிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருந்தாக வேண்டும் என்பது அங்கே விதி. அதனால் லேசான குளோரின் வாடை வரும். அது கெட்ட தண்ணீரின் வாடை இல்லை. ஐஸ் போட்டாலோ, ஜாடியில் பிடித்துக் கொஞ்ச நேரம் திறந்து வைத்தாலோ வாடை போய்விடும்.

பஃபே ஹாலில் தண்ணீர் இயந்திரம் இலவசம். வீட்டிலிருந்து ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள். ஆனால் வாய் வைத்துக் குடித்த பாட்டிலை இயந்திரத்தின் குழாயில் நேராக வைத்துப் பிடிக்கக் கூடாது. வயிற்றுப்போக்குக் கிருமி பரவும் என்று ஊழியர்கள் தடுப்பார்கள், தடுப்பது நியாயம். சுத்தமான கிளாஸில் பிடித்துப் பாட்டிலில் ஊற்றிக்கொள்ள வேண்டும்.

இதற்கு இவ்வளவு இடம் ஏன் என்றால், கணக்கைப் பாருங்கள். பாட்டில் 4 டாலர், அதன் மேல் 18 சதவீத சேவைக் கட்டணம், 4.72 ஆகிவிடும். நாலு பேர் குடும்பம் நாளுக்கு நாலு பாட்டில் வீதம் நாலு நாள் வாங்கினால் 75.52 டாலர். டாலரை 90 ரூபாய் என்று வைத்தால் கிட்டத்தட்ட 6,800 ரூபாய், வெறும் தண்ணீருக்கு. (கீழே வருகிற கணக்கெல்லாம் இதே 90 ரூபாயில்தான். பானங்களின் விலை கப்பலுக்குக் கப்பல் மாறும். உங்கள் கப்பலின் விலையைப் போட்டு இதே முறையில் பெருக்கிக்கொள்ளுங்கள்.)

எம்எஸ்சி போன்ற ஐரோப்பியக் கம்பெனிகளில் இன்னும் ஒரு படி கவனம் வேண்டும். இரவுச் சாப்பாட்டு மேசையில் ‘வாட்டர்?’ என்று கேட்டுப் பாட்டிலைத் திறந்து ஊற்றினால் அதற்குக் காசு. பஃபேயில் அதே தண்ணீர் இலவசம். துபாயில் ஏறும் நம்மவர்கள் தலையாட்டிவிட்டு மாட்டிக்கொள்வது இங்கேதான்.

நாலு கப்பல், நாலு விதி

கார்டீலியா. சென்னைத் துறைமுகத்திலிருந்து சீசனில் கிளம்பும் ‘எம்ப்ரஸ்’ நமக்குப் பக்கம். கிருஷ்ணகிரியிலிருந்து வாணியம்பாடி, வேலூர் வழியாக 260 கிலோமீட்டர் சுமார். 1990-இல் கட்டிய கப்பல், முன்பு ராயல் கரீபியனிடம் இருந்தது. பில் ரூபாயில் வருவது பெரிய நிம்மதி, கார்டு மாற்றுக் கட்டணம் எதுவும் இல்லை. ஃபுட் கோர்ட்டிலும் ஸ்டார்லைட் உணவகத்திலும் சாப்பாடு டிக்கெட்டில் அடக்கம், ஜைன உணவும் உண்டு. மது, கூல்டிரிங்க்ஸ், வைஃபை, தனி உணவகங்கள் எல்லாம் வெளியே. வெளி மது பாட்டில் ஏற்ற விட மாட்டார்கள். ஸ்கேனரில் தெரிந்தால் வாங்கி வைத்துவிடுவார்கள். டீலர் டூரில் போகிறவர்கள் கம்பெனி ஆளிடம் ஒரு கேள்வியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: ‘டிரிங்க்ஸ் பேக்கேஜ் உண்டா, உண்டென்றால் எந்த பாரில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை?’ கூட்டம் நடக்கும் ஹாலில் மட்டும் இரண்டு மணி நேரம் ஓசி, மற்ற நேரம் சொந்தக் காசு என்று ஏற்பாடு இருப்பதுண்டு. அது தெரியாமல் கேபின் கார்டை (அறைச் சாவியும் கப்பல் கணக்கும் அதுதான்) நீட்டிக்கொண்டே இருந்தால் பில் உங்கள் பேரில்தான் வரும்.

இரண்டு மூன்று இரவுப் பயணத்துக்கு இதில் பேக்கேஜ் தேவையில்லை என்பது எங்கள் எண்ணம். முதல் நாள் ஏறவே மதியத்துக்கு மேல் ஆகிவிடும், கடைசி நாள் காலையில் இறங்கிவிடுவீர்கள். குடிக்க நேரம் எங்கே?

ஜென்டிங் டிரீம். ரிசார்ட்ஸ் வேர்ல்டின் கப்பல், 2022 ஜூன் முதல் சிங்கப்பூர் மரீனா பே முனையத்திலிருந்து ஓடுகிறது. இந்தியச் சைவம், ஜைன உணவு இரண்டும் நன்றாகக் கிடைப்பதால் சைவக் குடும்பங்களுக்கு இதையே சொல்வோம். கணக்கு சிங்கப்பூர் டாலரில் ஓடும். லிடோ பஃபேயும் பொது டைனிங் ஹாலும் டிக்கெட்டில் சேரும். நடைபாதையில் கண்ணில் படும் மற்ற உணவகங்கள் காசுக்கு. டிப்ஸ் தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று தனியாகக் கட்ட வேண்டும். ஏஜென்ட் சொல்லும் விலையில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேட்காமல் இன்னொரு கப்பலோடு ஒப்பிட்டால் ஒப்பீடே தப்பாகிவிடும்.

ராயல் கரீபியன். விதிகள் இதில்தான் அதிகம், பணம் போவதும் இதில்தான் அதிகம். அதனால் நிதானமாகப் பார்க்கலாம்.

இலவசம் எது? பஃபேயில் தண்ணீர், சாதாரண காபி, டீ, லெமனேடு, காலையில் ஜூஸ். காசுக்கு எது? மது, கேன் கூல்டிரிங்க்ஸ், பாட்டில் தண்ணீர், லாட்டே, கப்புச்சினோ வகைக் காபி, அப்போது பிழிந்த ஜூஸ், மாக்டெய்ல் (மது சேர்க்காத காக்டெய்ல்). மூன்று பேக்கேஜ் உண்டு: கூல்டிரிங்க்ஸ் மட்டும், மது தவிர எல்லாமும் அடங்கிய ‘ரெஃப்ரெஷ்மென்ட்’, மதுவும் சேர்ந்த ‘டீலக்ஸ்’. டீலக்ஸில் ஒரு கிளாஸ் 14 டாலர் வரை அடக்கம். அதற்கு மேல் விலையுள்ளதைக் கேட்டால் வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டும். கப்பலுக்குள் இருக்கும் ஸ்டார்பக்ஸ் கடையும், கேபின் மினிபாரும் (அறையிலேயே வைத்திருக்கும் பானங்கள்) பேக்கேஜில் சேராது.

இப்போது முக்கியமான விதி. ஒரு கேபினில் ஒருவர் டீலக்ஸ் எடுத்தால், அந்தக் கேபினில் மது வயதை எட்டிய எல்லோரும் எடுத்தாக வேண்டும். பயணம் முழுக்க எடுக்க வேண்டும், இரண்டு நாளுக்கு மட்டும் என்று கேட்க முடியாது. அமெரிக்காவில் கிளம்பும் பயணங்களில் மது வயது 21; சிங்கப்பூர் பயணங்களில் 18. அப்பா, அம்மாவோடு ஒரே கேபினில் இருக்கும் காலேஜ் பையனுக்கு 19 என்றால், அவன் மோர் மட்டுமே குடிக்கிறவனாக இருந்தாலும் கணக்கில் மூன்றாவது ஆள் அவன்தான்.

பேக்கேஜ் விலை நாளுக்கு 70 டாலர் என்று வைப்போம் (பயணத்துக்கும் தேதிக்கும் தகுந்து கூடும், குறையும்). சேவைக் கட்டணத்தோடு 82.60. கணவன், மனைவி இருவர், நாலு இரவு: 660.80 டாலர், ஏறக்குறைய 59,500 ரூபாய். இதை மீட்க ஒவ்வொருவரும் நாளுக்கு 14 டாலர் காக்டெய்ல் ஐந்து குடிக்க வேண்டும் (ஒன்று 16.52). 8 டாலர் பீர் என்றால் ஒன்பது. நம் குடும்பங்களில் பெரும்பாலும் மனைவி குடிப்பதில்லை. அப்படியானால் கணவர் ஒருவரே நாளுக்குப் பத்து காக்டெய்ல் குடித்தால்தான் காசு நேராகும். அவரே நாளுக்கு மூன்று பீரோடு நிறுத்துகிறவர் என்றால் கிளாஸ் கணக்கில் நாலு நாளுக்கு 113 டாலர், சுமார் 10,200 ரூபாய். ஐம்பதாயிரம் ரூபாய் வித்தியாசம். ‘முன்னாடியே கட்டிட்டா டென்ஷன் இல்ல’ என்று ஏஜென்ட் சொல்வது இந்த வித்தியாசத்தைத்தான்.

இதற்கு நேர் வழி கேபின் பிரிப்பு. இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து போகிறீர்கள், மாமன் மச்சான் இரண்டு பேர்தான் குடிக்கிறவர்கள் என்றால் அந்த இருவரையும் ஒரு கேபினில் போட்டுவிடுங்கள். பெண்களும் பிள்ளைகளும் அடுத்தடுத்த கேபினில். டிக்கெட் போடும்போதே இப்படிப் பேர் கொடுக்க வேண்டும். பேக்கேஜ் வாங்கிய பிறகு பேர் மாற்றுவது பெரிய பாடு. பிரிக்க முடியாத தம்பதி என்றால், மருத்துவக் காரணத்தாலோ கர்ப்பத்தாலோ ஒருவர் குடிக்க மாட்டார் என்று புறப்படும் முன்பே கம்பெனிக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள். அவருக்கு ரெஃப்ரெஷ்மென்ட் மட்டும் போதும் என்று ஒத்துக்கொள்வதுண்டு. கப்பலில் ஏறிய பிறகு கேட்டால் வரிசையில் நின்று கால் கடுப்பதுதான் மிச்சம்.

ரெஃப்ரெஷ்மென்ட் பேக்கேஜ் நமக்கு லாபமா? 35 டாலர் என்று வைத்தால் கட்டணத்தோடு 41.30. லாட்டே 5.90. நாளுக்கு ஏழு லாட்டே. யாரும் குடிப்பதில்லை. கூல்டிரிங்க்ஸ் பேக்கேஜ் 13 டாலர் என்றால் 15.34, பிள்ளை நாளுக்கு நாலு கேன் குடித்தால்தான் ஈடாகும், நாலு கேன் குடிக்க விடுவது நல்லதும் இல்லை.

அதைவிட நல்ல வழியைக் கம்பெனியே விட்டுவைத்திருக்கிறது. ஏறும் நாளில் ஒரு கேபினுக்கு 12 கேன், பாட்டில் அல்லது அட்டைப்பெட்டி வரை மது அல்லாத பானம் கொண்டு வரலாம். ஒவ்வொன்றும் அரை லிட்டர் அளவுக்குள் இருக்க வேண்டும். வயது வந்த ஒவ்வொருவரும் 750 மில்லி வைன் ஒரு பாட்டில் கொண்டு வரலாம். பீருக்கும் விஸ்கிக்கும் அனுமதி இல்லை. இவற்றைக் கைப்பையில்தான் எடுத்துப் போக வேண்டும். பெரிய பெட்டியில் போட்டு முனையத்தில் ஒப்படைத்தால் ஸ்கேனரில் பிடித்து, பெட்டியையே கேபினுக்கு அனுப்பாமல் நிறுத்திவிடுவார்கள்; சாயங்காலம் நீங்கள் தேடி அலைய வேண்டும். ஊரிலிருந்து சுமக்க வேண்டாம். ஏறுவதற்கு முன் சிங்கப்பூர் லிட்டில் இந்தியா கடைகளில் ஜூஸும் தண்ணீரும் ஒரு டஜன் வாங்கினால் நாலு நாள் ஓடிவிடும்.

காபி. இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பஃபே காபி தண்ணியாக இருக்கும், டிகாஷன் பழக்கப்பட்ட நாக்குக்கு ஏறாது. அதனால்தான் லாட்டேவுக்குக் காசு போகிறது. இன்ஸ்டன்ட் காபிப் பொட்டலம் நாளுக்கு நாலு வீதம் எடுத்துப் போங்கள். பஃபேயில் சூடான பால் கேட்டு வாங்கி அதில் கலந்தால் குடிக்கும்படி இருக்கும். கெட்டில் எடுத்துப் போகக் கூடாது. சூடேறும் கம்பி உள்ள சாதனம் எதுவும் தீ விபத்துக்குப் பயந்து பறிமுதல்தான். மோர் வேண்டுமென்றால் பஃபேயில் வெறும் தயிர் இருக்கும், தண்ணீரும் உப்பும் பக்கத்திலேயே.

டிஸ்னி. சிங்கப்பூரைத் தாய்த் துறைமுகமாகக் கொண்ட டிஸ்னி அட்வென்ச்சர் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். டிஸ்னி கப்பல்களில் ஃபவுன்டன் கூல்டிரிங்க்ஸ் (இயந்திரத்தில் பிடித்துக்கொள்வது), காபி, டீ எல்லாம் டிக்கெட்டிலேயே அடக்கம். மதுவுக்கு அளவில்லாப் பேக்கேஜ் என்று ஒன்று கிடையாது, குடிக்கிற அளவுக்குத்தான் காசு. டிக்கெட் விலை மற்றவற்றைவிடக் கூடுதல். கோலாவுக்காக மட்டும் இதற்குத் தாவுவது வீண்.

‘இலவசப் பேக்கேஜ்’ என்பது

நார்வேஜியன் கம்பெனி டிக்கெட்டோடு டிரிங்க்ஸ் இலவசம் என்று விளம்பரம் செய்யும். பேக்கேஜ்தான் இலவசம், அதன் பட்டியல் விலை மேல் 20 சதவீத சேவைக் கட்டணம் கட்ட வேண்டும். பட்டியல் விலை 109 டாலர் என்றால் தலைக்கு நாளுக்கு 21.80. இருவருக்கு ஏழு இரவு 305 டாலர், 27,000 ரூபாய்க்கு மேல். குடிக்காதவர்கள் இது வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேறு சலுகை கேட்பது நல்லது. பிரின்சஸ் கம்பெனியின் ‘பிளஸ்’ திட்டத்தில் மது, வைஃபை, ஊழியர் டிப்ஸ் மூன்றும் சேர்ந்தே வரும். மூன்றும் தேவைப்படுகிறவருக்கு அது நேர்மையான விலை. எம்எஸ்சியில் கேபினில் ஒருவர் எடுத்தால் எல்லோரும் எடுக்க வேண்டும், பிள்ளைகளுக்கும் மைனர் பேக்கேஜ் சேரும். பிரின்சஸ் ‘பிளஸ்’, கார்னிவல் இரண்டிலும் மது கிளாஸுக்கு நாளுக்கு 15 என்று உச்சவரம்பு உண்டு. ‘அன்லிமிடெட்’ என்ற சொல்லை அப்படியே நம்ப வேண்டாம். எந்தக் கம்பெனியிலும் ஒரு கார்டில் வாங்கி இன்னொருவருக்குக் கொடுத்தால் பேக்கேஜை ரத்து செய்வார்கள், பணம் திரும்பாது.

பில்லைப் படிக்கும் முறை

பாரில் பீர் கேட்டால் கேபின் கார்டைத் தேய்த்து ஒரு சின்னச் சீட்டு நீட்டுவார்கள். முதல் வரியில் பீர் 8.00. அடுத்த வரியில் சேவைக் கட்டணம் 1.44. மூன்றாவது வரியில் மொத்தம் 9.44. அதற்குக் கீழே ‘கூடுதல் டிப்ஸ்’ என்று ஒரு வெற்றுக் கோடு, அதன் கீழ் கையெழுத்து. அந்த வெற்றுக் கோட்டை ஹோட்டல் பழக்கத்தில் நிரப்புகிறவர்கள் ஒரே பீருக்கு இரண்டு தடவை டிப்ஸ் கொடுக்கிறார்கள். கோடு போட்டு அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஊழியர் நன்றாகக் கவனித்தார் என்றால் கையில் கொடுப்பது வேறு விஷயம், அது தாராளமாகக் கொடுக்கலாம்.

கிளாஸ் கணக்கில் குடிக்கிறவர்களுக்குப் பானத்தைவிடப் பெரிய செலவு தினசரி டிப்ஸ். ராயல் கரீபியனில் சாதாரண அறைக்குத் தலைக்கு நாளுக்கு 18.50 டாலர், குழந்தைக்கும் அதே. நாலு பேர், நாலு இரவு: 296 டாலர், 26,600 ரூபாய். டிக்கெட் எடுக்கும்போதே கட்டிவிட்டால் கப்பலில் பாரம் இருக்காது. அறைக்குச் சாப்பாடு கொண்டுவரச் சொன்னால் ஒவ்வொரு முறையும் 7.95 டாலரும் அதன் மேல் 18 சதவீதமும். காலை நேர ரொட்டி, பழ வகைக்கு மட்டும் அது இல்லை.

ஏறும்போது கார்டு ஒன்றைக் கணக்கில் இணைக்கச் சொல்வார்கள். டெபிட் கார்டு கொடுக்காதீர்கள். உத்தேசத் தொகையைப் பிடித்து வைப்பார்கள். இறங்கிய பிறகும் சில நாள் அந்தப் பணம் கணக்கில் முடங்கிக் கிடக்கும், சிங்கப்பூரில் கைச்செலவுக்கு இருக்காது. கிரெடிட் கார்டில் வெளிநாட்டு மார்க்கப் (வெளிநாட்டுப் பணத்தில் செலவழித்தால் வங்கி போடும் கூடுதல் கட்டணம்) 3.5 சதவீதம், அதன் மேல் ஜிஎஸ்டி என்றால் 4.13 சதவீதம், மேலே சொன்ன 59,500 ரூபாய் பேக்கேஜுக்கு அதுவே 2,450 ரூபாய் ஆகிறது. மார்க்கப் இல்லாத கார்டு இருந்தால் அதை வையுங்கள். ‘ரூபாயிலேயே பில் போடட்டுமா’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அந்த மாற்று விகிதம் உங்களுக்குச் சாதகமாக இருக்காது.

பேக்கேஜ் எடுப்பதே லாபம் என்று கணக்கு சொன்னால், கப்பலில் ஏறி வாங்காமல் இணையத்தில் முன்பே வாங்குங்கள். பெரும்பாலும் விலை குறைவு. கிளம்பச் சில நாள் முன்பு வரை ரத்து செய்து, விலை இறங்கியபோது மறுபடி வாங்கவும் முடியும். பயணத்தில் கடல் நாள் எத்தனை, கரை நாள் எத்தனை என்றும் எண்ணுங்கள். பினாங்கிலோ புக்கெட்டிலோ இறங்கிச் சுற்றும் நாளில் பாதிப் பொழுது கப்பலுக்கு வெளியே போகிறது. பேக்கேஜ் காசு மட்டும் முழுசாக ஓடும்.

ஒவ்வொரு இரவும் படுக்கும் முன் கம்பெனியின் ஆப்பிலோ கேபின் டிவியிலோ அன்றைய கணக்கைப் பாருங்கள். குடிக்காத மினிபார் ஐட்டம் ஏறியிருந்தால் அன்றைக்கே கவுன்டரில் சொன்னால் உடனே எடுத்துவிடுவார்கள். கடைசி நாள் காலையில் ஆயிரக்கணக்கான பேர் அதே கவுன்டரில் நிற்பார்கள்.

பாட்டிலோடு திரும்பும்போது

கரையிலோ கப்பல் கடையிலோ வாங்கும் மது பாட்டிலைக் கப்பல்காரர்கள் வாங்கி வைத்து, கடைசி நாள்தான் கொடுப்பார்கள். சிங்கப்பூருக்குள் வரியில்லாமல் கொண்டுவர 48 மணி நேரமாவது வெளியே இருந்திருக்க வேண்டும். மலேசியாவிலிருந்து வருகிறவர்களுக்கு அந்தச் சலுகையே இல்லை. அதனால் போர்ட் கிளாங், பினாங்கு மட்டும் போய்வரும் கப்பலில் பாட்டில் வாங்காதீர்கள்; ஊர் திரும்பும் நாள் சிங்கப்பூர் விமான நிலையத்தில் வாங்குவதே சரி. இந்தியாவுக்குள் ஆளுக்கு 2 லிட்டர் வரை சுங்கவரி இல்லை. பெங்களூரில் இறங்கி ஓசூர் வழியாக வருகிறவர்கள், ஜூஜூவாடி சோதனைச்சாவடியில் வண்டியை நிறுத்தினால் காட்ட டியூட்டி ஃப்ரீ பில்லையும் போர்டிங் பாஸையும் பெட்டிக்குள் புதைக்காமல் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள். கர்நாடகத்தில் வாங்கிய பாட்டில் இல்லை என்று காட்ட அந்த இரண்டு காகிதம்தான் கையில் இருக்கும்.